எந்தப் படிவத்தில் கையெழுத்து? கோத்தகிரியில் ஒரு பார்க்கின்சன் வீட்டின் கணக்கு

அப்பா 31 வருஷம் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர். அரைத்த இலை நொதித்துக்கொண்டிருக்கும்போது அதை எந்த நிமிஷத்தில் டிரையருக்கு அனுப்ப வேண்டும் என்பதை அவருடைய மூக்குதான் சொல்லும். ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பே அந்த மூக்கு மங்கிப்போனது. சளி, பனி, வயசு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அப்புறம் கையெழுத்து சிறுத்தது. நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பிறகுதான் நடுக்கம் வந்தது. 2019ல் கோவையில் நரம்பியல் டாக்டர் பார்க்கின்சன் என்றார். "மோப்பம் எப்போ போச்சு?" என்று அவர் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்பே மோப்பம் குறைவது இந்த நோயில் நிறையப் பேருக்கு நடப்பதுதான்.

சென்ற வருஷம் அதே டாக்டர், "மலையிலிருந்து ஆய்வுகளுக்கு ரொம்பக் குறைச்சலாத்தான் வர்றாங்கம்மா. அப்பாகிட்ட பேசிப் பாருங்க" என்று மூன்று வழிகளைச் சொன்னார். ஒரு புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வு, வேறொரு பெரிய நகரத்தில், ஒன்றரை வருஷம். மரபணு ஆய்வு, ஒரே ஒரு தடவை ரத்தமும் ஒரு நீண்ட கேள்வித்தாளும். ஆறு மாத உடற்பயிற்சி ஆய்வு, கோவையில். நான்காவதை அப்பாவே கேட்டார்: "நான் போன பிறகு மூளையைக் கொடுக்கலாமா?"

இந்த நான்கையும் எடைபோட்டுப் பார்க்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. குன்னூரிலோ கூடலூரிலோ மஞ்சூரிலோ இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் வீடுகள் இருக்கும். அவர்களுக்காக எழுதுகிறேன். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: மலையில் இருக்கும் ஒரு பார்க்கின்சன் நோயாளிக்கு ஆய்வு எவ்வளவு பெரியது என்பதைவிட, அதற்காக எத்தனை முறை கீழே இறங்க வேண்டும், இறங்கும் அந்த நாளில் உடம்பு எந்த நிலையில் இருக்கும் என்பதே முக்கியம். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்பாவின் நண்பர் ஒருவர், "உன்னை ஆராய்ச்சி எலி ஆக்கப் பார்க்குறாங்கப்பா" என்று வருத்தப்பட்டார். அவர் பயத்தை நான் ஒதுக்கவில்லை. நம் குன்னூரிலேயே நிஜமான ஆராய்ச்சி எலிகள் இருந்திருக்கின்றன. பாஸ்டர் நிறுவனத்தில் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஒரு அறையில் தொடங்கிய ஆய்வில், 1920களில், இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து எது உடம்புக்கு நல்லது என்று பார்த்தார். அந்தக் கூடம்தான் 1958ல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. எலியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நம்மிடம் கேட்டே ஆக வேண்டும் என்று இன்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போனால் பயம் பாதி குறையும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மருந்து ஆய்வு

வீட்டில் எல்லோருக்கும் முதலில் ஆசை இதன் மேல்தான் வந்தது. புது மருந்து, பெரிய டாக்டர்கள், இலவச ஸ்கேன். தம்பி திருப்பூரிலிருந்து போன் போட்டு, "இதை விட்டுடாதீங்க" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் நிதானம் வந்தது.

ஆய்வு வேறு, சிகிச்சை வேறு. சிகிச்சையில் டாக்டர் அப்பாவுக்கு எது நல்லது என்று பார்த்து மாத்திரையை மாற்றுவார். ஆய்வில் ஒரு கேள்விக்குப் பதில் தேடுகிறார்கள், அதனால் எல்லோருக்கும் ஒரே விதி. சேர்ந்தவர்களில் ஒரு பகுதிக்கு உண்மை மருந்து, இன்னொரு பகுதிக்கு அதே நிறத்தில் அதே அளவில் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கணினி சீட்டுக் குலுக்கிப் போடும். நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது.

இதைக் கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்தது. "ஒண்ணுமில்லாத மாத்திரைக்கா இவ்வளவு தூரம் போகணும்?" பார்க்கின்சனில் இந்த வெற்று மாத்திரை இல்லாமல் முடியாது. வெறும் நம்பிக்கைகூட இந்த நோயில் உடம்பை அசைத்துவிடும். 2001ல் கனடாவில் நடந்த ஒரு ஆய்வில், மருந்து என்று நம்பி வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையில், இந்த நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற ரசாயனம் நிஜமாகவே சுரந்ததை ஸ்கேனில் பார்த்தார்கள். 2015ல் அமெரிக்காவில் 12 நோயாளிகளுக்கு இரண்டு ஊசி போட்டார்கள். ஒன்று 100 டாலர், மற்றது 1,500 டாலர் என்று சொன்னார்கள். இரண்டும் வெறும் உப்புத் தண்ணீர். விலை உயர்ந்தது என்று சொன்ன ஊசிக்கு உடம்பு அதிகமாக இளகியது. அப்படியிருக்க, வெற்று மாத்திரையோடு ஒப்பிடாமல் எந்த மருந்தையும் நம்ப முடியாது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சரி" என்றார், முழு மனசில்லாமல்.

அப்பா ஏற்கெனவே சாப்பிடும் சின்டோபாவை, அதாவது லெவோடோபா உள்ள மாத்திரையை, நிறுத்தச் சொல்வார்களா என்பதுதான் அடுத்த பயம். ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்களைச் சேர்க்கும் ஆய்வுகளில் பெரும்பாலும் அந்த மாத்திரை தொடரும், புதியது அதன் மேல் கூடுதலாக வரும். நோய் இப்போதுதான் தெரிந்து மாத்திரை எதுவும் தொடங்காதவர்களைத் தேடும் ஆய்வுகள் வேறு வகை. நோயின் வேகத்தைக் குறைக்கப் பார்க்கும் மருந்துகளுக்கு இவர்களைத்தான் அதிகம் கேட்பார்கள். லெவோடோபா ஆரம்பித்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடலாம். காத்திருந்தால் நோய் முற்றிவிடுமோ என்று கவலைப்படுபவர்களுக்கு 2019ல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு ஆறுதல் தரும். 445 பேரில் ஒரு பாதிக்கு லெவோடோபாவை உடனே கொடுத்தார்கள், மறு பாதிக்கு 40 வாரம் கழித்துக் கொடுத்தார்கள். 80 வாரம் ஆனபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. காத்திருந்ததால் நோய் கூடவும் இல்லை, சீக்கிரம் தொடங்கியதால் கெடவும் இல்லை. ஆனால் காத்திருக்கும் அந்த மாதங்களில் நடுக்கத்தோடும் இறுக்கத்தோடும் வாழப்போவது நோயாளிதான். வேலைக்குப் போகிறவர் என்றால் அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நம்பிக்கையையும் அளவோடு வைக்கச் சொல்வேன். எக்ஸெனடைட் என்பது சர்க்கரை நோய்க்கான ஊசி. 2017ல் வெளியான லண்டன் ஆய்வில் 62 பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதை வாரம் ஒருமுறை போட்டுப் பார்த்ததில் நல்ல பலன் தெரிந்தது. உலகமே பேசியது. அடுத்த கட்டமாக 194 பேரை 96 வாரம் பின்தொடர்ந்தார்கள். 2025ல் முடிவு வந்தது: வெற்று ஊசியைவிட எந்தப் பலனும் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த லிக்ஸிசெனடைட், 2024ல் வெளியான 156 பேர் ஆய்வில் கொஞ்சம் பலன் காட்டியது, கூடவே நிறையப் பேருக்குக் குமட்டலும் வந்தது. அந்த 194 பேரின் இரண்டு வருஷம் வீண் என்று நான் நினைக்கவில்லை. பலனில்லாத ஊசிக்காகச் சொத்தை விற்பதிலிருந்து எத்தனையோ வீடுகளை அவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் சேரும்போதே "இது அப்பாவுக்கு உதவாமலும் போகலாம்" என்று வீடு முழுக்க ஒப்புக்கொண்டுதான் சேர வேண்டும்.

இப்போது மலைப்பாதைக்கு வருவோம். பல ஆய்வுகளில் மாத்திரையின் வேகம் இறங்கிய நிலையில் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பார்கள். முந்தின நாள் இரவு மாத்திரையோடு நிறுத்திவிட்டு, கிட்டத்தட்ட 12 மணி நேரம் கழித்து, காலையில் ஒன்றும் போடாமல் வரச் சொல்வார்கள். கோவையில் குடியிருப்பவருக்கு அது அரை மணி நேரக் கஷ்டம். எங்களுக்கு? விடியற்காலை நாலு மணிக்குக் கோத்தகிரியை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்தக் குளிரில், மாத்திரை இல்லாத உடம்பு பலகை மாதிரி ஆகிவிடும். வண்டி வளைவில் திரும்பும்போது நாம் அறியாமலே உடம்பைச் சாய்த்துச் சமாளிக்கிறோம். அப்பாவால் அது முடியாது. ஒருமுறை மேட்டுப்பாளையம் போவதற்குள் மாத்திரை நேரம் தவறியதில், கால் இறுகி வண்டியை விட்டு இறங்கவே முடியாமல் அழுதுவிட்டார். அதைப் பார்த்தவள் நான். ஆகவே முந்தின நாளே இறங்கி லாட்ஜில் தங்க வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும், திரும்ப ஏறுவது மாத்திரை வேலை செய்யும் நேரமாக இருக்க வேண்டும். ஒரு வருகைக்கு இரண்டு நாள். இது கோவைக்கே ஆகும் கணக்கு. எங்களுக்குச் சொன்னது அதைத் தாண்டிய நகரம், மொத்தம் 14 வருகை.

பயணச் செலவைப் பெரும்பாலான ஆய்வுகளில் திருப்பித் தருவார்கள். கூட வருபவரின் கூலியை யார் தருவார்? எஸ்டேட்டில் நாள் கூலிக்குப் போகும் மகளுக்கு 28 நாள் என்பது ஒரு மாத வருமானம். இதை வாய்விட்டுக் கேளுங்கள். துணைக்கு வருபவருக்கும் தங்குமிடமும் படியும் தரும் ஆய்வுகள் உண்டு, ஆனால் கேட்காத வீட்டுக்கு அது தெரியாமலே போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபடுவது நமக்கெல்லாம் பழக்கம். ஆய்வுக்காரர்களுக்கு அது தெரியாது. ஒவ்வொரு வருகைக்கும் குறித்த தேதிக்கு முன்பின் சில நாள்தான் தருவார்கள். அதைத் தவறவிட்டால் அந்த அளவீடு போனது போனதுதான். "பாதை மூடினால் என்ன செய்வீர்கள்? போனில் பார்ப்பீர்களா, தேதியைத் தள்ளுவீர்களா, மருந்தைக் கூரியரில் அனுப்புவீர்களா?" என்று நான் கேட்டபோது எதிர்முனையில் இருந்த பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல கேள்வி மேடம், டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். இன்னொன்று: ராத்திரி பக்கவிளைவு வந்தால் நாம் ஓடுவது உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அங்குள்ள டாக்டருக்கு அப்பா சாப்பிடுவது நிஜ மருந்தா வெற்று மாத்திரையா என்று தெரியாது. அவசரத்தில் அதை உடைத்துச் சொல்ல ஆய்வில் ஏற்பாடு இருக்கும். அந்த 24 மணி நேர எண் எழுதிய அட்டை அப்பாவின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. நோய் புதிதாகத் தெரிந்தவர், உடம்பில் தெம்பு உள்ளவர், ஆய்வு நடக்கும் ஊரிலேயே மகனோ மகளோ இருப்பவர் என்றால் மருந்து ஆய்வைத் தாராளமாக யோசிக்கலாம், அதுவும் மாத்திரை தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். அப்பா மாதிரி, ஏழு வருஷம் ஆகி, மாத்திரையின் வேகம் ஏறி இறங்கும் நிலைக்கு வந்தவரை மலையிலிருந்து 14 முறை கொண்டுபோக என் மனம் ஒப்பவில்லை.

ஒரு தடவை ரத்தம்

இதை முதலில் சாதாரணமாக நினைத்தோம். இப்போது எனக்கு இதன் மேல்தான் மதிப்பு அதிகம்.

பார்க்கின்சன் மரபணு ஆராய்ச்சியில் இதுவரை சேர்ந்த ரத்தத்தில் மிகப் பெரும் பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையது. அதனால் என்ன என்று கேட்கலாம். எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற மரபணுவில் பார்க்கின்சனை உண்டாக்கக்கூடிய ஒரு குறிப்பிட்ட மாற்றம் வட ஆப்பிரிக்க பெர்பர் மக்களிடமும் ஐரோப்பிய யூதர்களிடமும் அடிக்கடி காணப்படுகிறது. இந்திய நோயாளிகளிடம் தேடியபோது மிக அரிதாகவே கிடைத்தது. அந்த மரபணுவைக் குறிவைத்து மருந்து தயாராகி வருகிறது. நம்மிடம் எது காரணம் என்று தேடினால்தானே நமக்கான மருந்து பிறக்கும்? 2023ல் நைஜீரியர்களும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் கொடுத்த ரத்தத்திலிருந்து ஜி.பி.ஏ.1 என்ற மரபணுவில் பார்க்கின்சன் வாய்ப்பைக் கூட்டும் ஒரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பியர்களிடம் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அவர்கள் முன்வராமல் இருந்திருந்தால் அது இன்றும் மறைந்தே இருக்கும். 2019ல் தொடங்கிய உலகளாவிய பார்க்கின்சன் மரபணுத் திட்டம், ஜி.பி.2 என்பது, 1,50,000க்கு மேற்பட்டோரின் ரத்தத்தைச் சேர்ப்பதை இலக்காக வைத்திருக்கிறது. இந்திய மருத்துவமனைகளும் அதில் உண்டு.

இன்னொரு நல்ல விஷயம், இதில் நோய் இல்லாதவர்களும் தேவை. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ரத்தம் வேண்டும், பெரும்பாலும் கணவனோ மனைவியோ கொடுப்பார்கள். "என்னால என்ன ஆகப்போகுது" என்று ஒதுங்கி நின்ற அம்மாவுக்கு இதில் ஒரு இடம் கிடைத்தது.

கூடவே வரும் கேள்வித்தாளை அலட்சியமாக நிரப்பாதீர்கள். அதில் தொழில், குடிநீர், பூச்சிமருந்து பற்றிக் கேட்பார்கள். 2011ல் அமெரிக்க விவசாயக் குடும்பங்களில் நடந்த ஆய்வு ஒன்றில், பாராகுவாட் அல்லது ரொட்டினோன் தெளித்தவர்களுக்குப் பார்க்கின்சன் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு அதிகம் காணப்பட்டது. பாராகுவாட் தேயிலைத் தோட்டத்துக் களைக்கொல்லி. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, கையுறை இல்லாமல் அதைத் தெளித்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த குடும்பங்களில், இரண்டு நாட்டுத் தோட்ட வாழ்க்கையும் ஒரே உடம்பில் இருக்கிறது. அவருடைய நடுக்கத்துக்கு அதுதான் காரணம் என்று ஒருவரைக் காட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எந்த வருஷம், எந்த மருந்து, எத்தனை நாள் என்று அவர் சொல்லும் பதில் எங்கும் எழுதப்படாமல் போனால், நம் மலையைப் பற்றிய கேள்வியை யாரும் கேட்கவே முடியாது.

இதில் ஆபத்து ஊசியில் இல்லை, தகவலில் இருக்கிறது. பெயரை நீக்கிவிட்டு எண் கொடுப்பார்கள். ஆனால் சில ஆயிரம் பேரே உள்ள தொதவர், கோத்தர் போன்ற சமூகங்களிலும், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமான ஹட்டிகள் என்ற படுகர் ஊர்களிலும், ஊர், வயது, தொழில் மூன்றும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பெண் கேட்டு வருகிறவர்கள் காதுக்கு "அந்த வீட்டில் பரம்பரை நோய்" என்று போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே ரத்தம் எங்கே இருக்கும், எத்தனை வருஷம் இருக்கும், வெளிநாட்டுக்குப் போகுமா, சமூகத்தின் பெயரை வெளியிடுவார்களா, தனிப்பட்ட முடிவை நமக்குச் சொல்வார்களா என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். பல ஆய்வுகளில் தனிப்பட்ட முடிவைச் சொல்வதில்லை. எனக்குப் பார்க்கின்சன் வருமா என்று தெரிந்துகொள்ள இது வழியில்லை என்பதை நானும் தம்பியும் பேசி ஏற்றுக்கொண்டோம்.

உடற்பயிற்சி ஆய்வு

இதில் வெற்று மாத்திரை இல்லை. ஒரு குழுவுக்குக் கடுமையான பயிற்சி, மற்றதற்கு மிதமான பயிற்சியோ தசை நீட்டுதலோ. எந்தக் குழுவில் விழுந்தாலும் கொஞ்சம் அசைவு மிச்சம். அதனால் எனக்கு இது பிடிக்கும்.

2018ல் அமெரிக்காவில் 128 பேர் ஆய்வில், இதயத்துடிப்பு உச்சத்தில் 80 முதல் 85 சதவீதம் வரும் வேகத்தில், ஒரு குழுவை வாரம் நான்கு நாள் டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். ஆறு மாதத்தில் நோயின் தீவிரத்தைக் காட்டும் அவர்களுடைய மதிப்பெண் ஏறக்குறைய அப்படியே நின்றது, பயிற்சி இல்லாதவர்களுக்குக் கூடியது. அடுத்த வருஷம் நெதர்லாந்தில் 130 பேரில் ஒரு பாதிக்கு வீட்டிலேயே நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிளைக் கொடுத்துப் பார்த்ததிலும் நல்ல பலன். மலைக்காரர்களுக்கு இந்த இரண்டாவது மாதிரிதான் பொருத்தம். வாசலை விட்டு இறங்கினாலே ஏற்றமும் இறக்கமும்தானே என்று நாம் நினைக்கலாம். ஆனால் ஆடி மாதத்தில் பாசி படிந்த படிக்கட்டில் கால் உறைந்து நின்றுபோன ஒருவருக்கு, வெளியே நடப்பது பயிற்சியாக இருக்காது, இடுப்பெலும்பு முறிவாகத்தான் முடியும். வீட்டுக்குள் சைக்கிள், வாரம் ஒருமுறை வீடியோவில் பிசியோதெரபிஸ்ட், தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் கீழே பயணம் என்றால் எங்களால் முடியும். வாரம் மூன்று நாள் கோவை ஜிம்முக்கு வரச் சொன்னால் அந்த ஆய்வு நமக்கானதில்லை. சேரும் முன் ஈ.சி.ஜி. எடுக்கிறார்களா, படுத்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கிறார்களா என்பதைக் கவனியுங்கள். பார்க்கின்சனில் அழுத்தம் சட்டென்று விழுவது சகஜம்.

செல்போனில் விரல் தட்டுவது, குரலைப் பதிவு செய்வது, மாதாமாதம் கேள்விக்குப் பதில் சொல்வது போன்ற ஆய்வுகளும் உண்டு. எங்கும் போக வேண்டாம். கேள்விகள் தமிழில் இருக்க வேண்டும், சிக்னல் வர வேண்டும், அவ்வளவுதான். மூளைக்குள் மின்கம்பி வைக்கும் அறுவை சிகிச்சை சார்ந்த ஆய்வுகளை நான் எடைபோடவில்லை. அது முதலில் சிகிச்சையாகத் தேவையா என்று டாக்டரோடு தனியாகப் பேச வேண்டியது.

அப்பா கேட்ட நான்காவது

பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இருக்கிறது. பார்க்கின்சனை உயிரோடு இருக்கும்போது டாக்டர் அசைவைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். உறுதியான விடை நுண்ணோக்கியின் கீழ் வைத்த மூளையில்தான் இருக்கிறது. அதனால் இந்தத் தானம் மிகப் பெரியது. ஆனால் மூளையைச் சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். உதகையிலிருந்து பெங்களூருக்கு வழி முதுமலை, பந்திப்பூர் காடு. 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை பந்திப்பூர்ப் பாதை மூடியிருக்கும். ஆம்புலன்ஸை விடுவார்கள் என்றாலும் பகலிலேயே ஏழெட்டு மணி நேரப் பயணம். துக்க வீட்டில், உறவினர்கள் கூடி நிற்கும்போது, இதை யார் முடிவெடுத்து வண்டி ஏற்றுவது? அப்பா விருப்பத்தை எழுதி வைத்துவிட்டார், எங்கள் மூன்று பேரிடமும் சொல்லிவிட்டார். கடைசிக் காலத்தில் பெங்களூரிலோ மைசூரிலோ இருக்க நேர்ந்தால் நடக்கும். இங்கிருந்து நடப்பது கடினம் என்று அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். "சரிம்மா, உயிரோட இருக்கும்போது கொடுக்கறதைக் கொடுப்போம்" என்றார்.

படிவத்தின் முன்

2019ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவர் அல்லாத பொதுமனிதர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். சம்மதப் படிவம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், ஒரு நகல் நம் கையில் வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. மருந்து ஆய்வால் உடம்புக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும், அது ஆய்வால்தான் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு.

விதி இருந்தும் தவறு நடக்கும். அப்போது ஆந்திராவில் இருந்த கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 2009ல் தொடங்கிய ஒரு தடுப்பூசித் திட்டத்தில், விடுதியில் இருந்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்காக வார்டன்களே கையெழுத்துப் போட்டார்கள். 2010ல் அது நிறுத்தப்பட்டது. நம் மலையிலும் இருளர், குறும்பர், பணியர் ஊர்களுக்கு வெளியாட்கள் படிவத்தோடு வருகிறார்கள். ஊர்த் தலைவர் தலையாட்டினால் போதாது, ஒவ்வொருவரும் புரிந்து சம்மதிக்க வேண்டும். எங்களுக்கே ஒரு இடத்தில் இருபது பக்க ஆங்கிலப் படிவத்தை நீட்டி, "கடைசிப் பக்கத்தில போடுங்க, பஸ் போயிடும்" என்றார்கள். நான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். தமிழ்ப் படிவம் இருந்தது, கேட்ட பிறகு அனுப்பினார்கள்.

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு, சி.டி.ஆர்.ஐ. என்பது, 2007லிருந்து இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தேடினால் யார் நடத்துகிறார், எந்த ஊர்களில், என்ன தகுதி, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்பது தெரியும். எண் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "ஸ்டெம் செல் ஆய்வு, சில லட்சம் கட்டினால் சேர்க்கிறோம்" என்று சொன்னால் இன்னும் வேகமாக எழுந்து வாருங்கள். ஆய்வுக்கு உடம்பைக் கொடுப்பவர் பணமும் கொடுக்க வேண்டியதில்லை.

நாங்கள் மரபணு ஆய்வில் சேர்ந்தோம். மார்கழிக் குளிர் முடிந்து, மாத்திரை நேரத்தைப் பார்த்து, பகல் பதினொரு மணிக்கு நேரம் வாங்கிக்கொண்டு கீழே போனோம். முதலில் அம்மாவுக்கு ரத்தம் எடுத்தார்கள், அப்புறம் அப்பாவுக்கு. உடற்பயிற்சி ஆய்வுக்கும் பெயர் கொடுத்திருக்கிறோம், வீட்டு சைக்கிள் குழு தொடங்கும்போது கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மருந்து ஆய்வின் படிவத்தை நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினோம்.

கேள்வித்தாள் நிரப்பிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மோப்பம் குறைந்தது எந்த வருஷம் என்று கேட்டாள். 2012 என்றார் அப்பா. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தாள். "இரும்மா" என்று நிறுத்தி, அந்த வருஷம் தை மாதத்துப் பனி டீயில் ஒருநாள் வழக்கமான மணம் வரவில்லை என்று இரண்டு முறை தூளை அள்ளி முகர்ந்ததை, பக்கத்தில் நின்ற பையனிடம் கேட்டுத்தான் அன்றைக்கு டிரையருக்கு அனுப்பியதை, அதை யாரிடமும் சொல்லாமல் மூன்று வருஷம் ஓட்டியதை மெதுவாகச் சொன்னார். எங்களுக்கும் அது புதிது. அந்தப் பெண் பேனாவை எடுத்து, கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் இருந்த இடம் முழுக்க அதை எழுதிக்கொண்டாள்.